கயிற்றில் ஒரு கைப்பிடி

என் கொழுந்தன் சுரோத்தோவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். அடுப்பு மூட்டி, அரிசி கழுவி, சோறு வேகும்வரை யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சும்பர்லெங்கா ஊரில் யாருக்கும் நிலம் கிடையாது. நிற்கிற தேக்கும் அது நிற்கிற மண்ணும் வனத்துறைக்கு. மண்ணுக்கு அடியில் கிடக்கிற எண்ணெய் அரசாங்கத்துக்கு. வீடு என்பது நாலு தேக்குத் தூணும் கூரையும். போ என்று சொன்னால் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டியதுதான். எங்களுக்கென்று இருக்கிற சொத்து ஒன்றே ஒன்று. கயிற்றில் ஒரு கைப்பிடி இடம்.

டச்சுக்காரன் தோண்டி, உறிஞ்சி, இனிமேல் தேறாது என்று விட்டுப் போன கிணறுகள் இவை. அவன் போன பிறகு ஊர்க்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி நடப்பார்களாம். இருநூற்று ஐம்பது மீட்டர் ஆழத்திலிருந்து வாளி மேலே வரும். வாளி என்றால் குளிக்கிற வாளி இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான இரும்புக் குழாய், அடியில் ஒரு வால்வு. யார் கை கயிற்றில் இருந்ததோ அவனுக்கு எண்ணெயில் பங்கு. இப்போது கயிறு இரும்புக் கம்பிவடமாகிவிட்டது, இழுப்பது பாடி கழற்றிய பழைய லாரியின் எஞ்சின். வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்து நாளுக்கு ஒருமுறை பாகிங் சந்தை வரும். அன்று காலையில் பங்குக்காரர்கள் எல்லாரும் கிணற்றடியில் நின்று வடத்தைத் தொட வேண்டும். மேஸ்திரி மாங்குன் பெயர் கூப்பிடுவார். வடத்தைப் பிடித்தபடி "இருக்கேன்" என்று சொன்னவனுக்கு இடம் உண்டு. சொல்லாதவனுக்குப் போனது போனதுதான்.

பெண்கள் மட்டும் தொடக்கூடாது. பெண் கை பட்டால் கிணறு தண்ணீராகிவிடுமாம்.

அதே கிணற்றின் எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றி, அடியில் விறகைப் போட்டு, புகையில் கண் அவிய டீசல் காய்ச்சி இறக்குவது யார்? நாங்கள். கிணற்றுக்குப் படைக்கிற மஞ்சள் சோற்றுக் கூம்பைச் சமைப்பது யார்? நாங்கள். எரிகிற பக்கம் போகலாம், இழுக்கிற பக்கம் போகக்கூடாது. இதை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அவன் ஒருநாளாவது பீப்பாய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டான்.

என் புருஷன் ஜார்வோ அந்த அடுப்பில்தான் போனார். எனக்கு உடம்பு முடியவில்லை என்று ஒருநாள் எனக்குப் பதிலாகக் காய்ச்சப் போனார். பீப்பாய் வெடித்தது. மூன்று வருடம் ஆகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

நாற்பதாம் நாள் சோறு போட்டு ஊரார் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே சுரோத்தோ என் அடுப்படிக்கு வந்தான்.

"அண்ணி, அண்ணன் இடம் சும்மா கிடக்கக்கூடாது. உங்களால தொட முடியாது. எனக்கு ரெண்டு கை இருக்குல்ல? ஒரு கை எனக்கு, ஒரு கை உங்களுக்கு. உங்களுக்காகத்தானே நான் கயிறு பிடிக்கிறேன்."

நான் அழுதேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றிலிருந்து பாகிங் தவறாமல் அவன் இரண்டு கையையும் வடத்தில் வைத்து இரண்டு தடவை "இருக்கேன்" சொன்னான். என் பங்கு எண்ணெயை ஒரு நீல நிறக் கேனில் கொண்டுவந்து பின்வாசலில் வைப்பான். முதல் வருடம் கேன் நிறைய வந்தது. இரண்டாம் வருடம் கழுத்துக்குக் கீழே இறங்கியது. மூன்றாம் வருடம் கேன் மறுபடியும் நிறைந்தது. குலுக்கிப் பார்த்தால் அடியில் முக்கால்வாசி தண்ணீர். கேட்டால், "கிணறு அப்படித்தான் அண்ணி வருது, நான் என்ன பண்ணட்டும்" என்பான். அவன் வீட்டுக் கேனில் மட்டும் கிணறு வேறு மாதிரி வந்தது. அவன் வீட்டுக்குத் தரையில் ஓடு பதித்தாயிற்று.

சரி, தண்ணீரோ எண்ணெயோ, இடம் என்னுடையதுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாகிங்குக்கு இரண்டு நாள் முன்னால் அதற்கும் வினை வந்தது. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து குமாஸ்தா வரப்போகிறாராம். பெயர் கூப்பிடும்போது கூட இருந்து, "இருக்கேன்" சொன்னவர்களை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போவாராம். அப்புறம் ஆளுக்கொரு அட்டை. அட்டை வந்துவிட்டால் கயிறு தொடுகிற வழக்கமே வேண்டாம்; அட்டையில் பெயர் உள்ளவனுக்குத்தான் எண்ணெய்.

சுரோத்தோ பின்வாசலில் வந்து நின்றான். கேன் கொண்டு வரவில்லை.

"அண்ணி, குமாஸ்தா ஒரு ஆளுக்கு ஒரு பேருதான் எழுதுவாராம். செத்தவங்க பேரை எழுத முடியாதாம். அதனால ரெண்டு இடத்தையும் என் பேருலயே போட்டுடறேன். சும்மா ஒரு சௌகரியத்துக்கு."

"உன் அண்ணன் செத்துட்டாரு. நான் சாகலையே. என் பேரைப் போடு."

"பொம்பளை பேரை எப்படிப் போடறது? நீங்க கயிறு தொட்டதில்லையே."

"தொடக்கூடாதுன்னு சொன்னதே ஆம்பளைங்க நீங்கதானே?"

"நான் சொல்லலை அண்ணி, ஊரு சொல்லுது. மனசுல எதையும் வச்சுக்காதீங்க. எல்லாம் உங்களுக்காகத்தானே."

கையில் இருந்த கரண்டியை அவன் மேல் எறியாமல் விட்டது என் மகளுக்காக. அவள் கிரெசிக்கில் செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிறாள். அம்மா சித்தப்பா மண்டையை உடைத்தாள் என்று அவளுக்குச் செய்தி போகவேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

நேராக மேஸ்திரி மாங்குன் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. யார் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எப்போதும் கனமான பக்கம் நிற்கிறவர். கிராம்புச் சிகரெட்டைப் புகைத்தபடி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வார்சித்தி, கூப்பிடறது மட்டும்தான் என் வேலை. கயிறுல இருக்கிற கை எவன் கையோ அவன் பேரைக் கூப்பிடுவேன். அங்க இருக்கிறது சுரோத்தோ கை. நான் என்ன செய்ய?"

"அவன் வச்சிருக்கிற ரெண்டாவது கை என் கை."

"அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். குமாஸ்தா தாளுக்குத் தெரியாதே."

அவ்வளவுதான். புகையை விட்டுவிட்டுக் கோழிக்கு நெல் போடப் போய்விட்டார்.

என் தோழி பொனிரா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தரையில் காறித் துப்பினாள். அவளுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. போன வருடம் அவள் புருஷன் பாயிரான் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் ஒரு பாகிங்கைத் தவறவிட்டான். போனால் போகிறது, எழுந்து வந்ததும் மறுபடி ஒரு தடவை கூப்பிடலாம் என்றுதான் மேஸ்திரி நினைத்தார். சுரோத்தோதான் விடவில்லை. "ஒரு தடவைதான் கூப்பிடுவாங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட இது கல்யாண விருந்து இல்ல," என்றான். பாயிரான் இடம் போயிற்று. அவன் இப்போது துபானில் சிமெண்டு மூட்டை தூக்குகிறான்.

பாகிங் விடிந்தது. படையல் முறை என்னுடையது. மஞ்சள் சோற்றுக் கூம்பும் முழுக் கோழியும் கொண்டுபோய்க் கிணற்று விளிம்பில் வைத்துவிட்டு, வழக்கப்படி பத்தடி பின்னால் வந்து நின்றேன். என் கையால் சமைத்த சோறு கிணற்றுக்குச் சேரும். என் கை மட்டும் சேராது.

சுரோத்தோ புதுப் பாத்திக் துணிச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு வந்திருந்தான். கல்யாண மாப்பிள்ளை தோற்றான். குமாஸ்தா வரவில்லை. மழையில் பாதை சேறாகிக் கிடந்தது, மோட்டார் சைக்கிள் வர நேரமாகும். மேஸ்திரி பெயர் கூப்பிடத் தொண்டையைச் செருமினார். சுரோத்தோ கை காட்டி நிறுத்தினான்.

"மேஸ்திரி, அவரு முன்னால கூப்பிட்டாத்தானே எழுதுவாரு. அதுக்குள்ள ரெண்டு வாளி இழுத்து வச்சிருவோம். வரும்போது தொட்டியில கறுப்பா ஏதாச்சும் தெரியணும்ல."

"பேரு கூப்பிடாம எஞ்சினைப் போட்டதே இல்லையேப்பா."

"காலம் மாறுது மேஸ்திரி."

எஞ்சின் அவன் பொறுப்பு. அவன் சொன்னான், போட்டார்கள். வாளி கடகடவென்று இறங்கி அடியைத் தொட்டது. தூக்குவதற்குக் கியர் மாற்றியதும் எஞ்சின் ஒரு இருமல் இருமி, உள்ளே இரும்பும் இரும்பும் கடிக்கிற ஒரு சத்தம் போட்டு, நின்றது. மறுபடி அசையவே இல்லை. ஓட்டுகிறவன் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"எண்ணெய் மாத்தி எவ்வளவு நாளாச்சு சுரோத்தோ? உள்ளே சொட்டு இல்ல. பொடிப்பொடியா இருக்கு."

எஞ்சின் எண்ணெய் வாங்க எல்லாரும் சேர்ந்துதான் பணம் கொடுத்தோம். அது அவன் வீட்டுத் தரையில் ஓடாகக் கிடக்கிறது என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

பீப்பாய்ப் பக்கத்திலிருந்து பொனிரா குரல் கொடுத்தாள். "எண்ணெயிலயே குளிக்கிற ஊருல எண்ணெய் இல்லாம ஒரு எஞ்சின் செத்துப்போச்சு. பேப்பர்ல போடச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கிற நிலைமை இல்லை. வாளி அடியில் கிடக்கிறது. எங்கள் இலவமரத்துக் கிணறு மணல் கிணறு. அடியில் நின்றுபோன வாளியைச் சுற்றி மணல் இறுகும். நடுப்பகலுக்குள் தூக்காவிட்டால் அது அங்கேயே புதைந்துவிடும், கிணறும் அதோடு முடிந்தது. பக்கத்து மேட்டில் அப்படிச் செத்த கிணறு இரண்டு இருக்கின்றன. கிணறே இல்லாவிட்டால் கயிறு ஏது, இடம் ஏது?

"டவுன்ல கிரேன் இருக்கு. நான் போன் பண்றேன்," என்று சொல்லிவிட்டு சுரோத்தோ மேட்டில் ஏறினான். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். சேறு படாமல் வேட்டியைத் தூக்குவதுபோலக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான். டவுன் கிரேன் இந்தச் சேற்றில் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

மேஸ்திரி தேக்குக் கட்டை இழுக்கிற தடித்த நைலான் கயிற்றை எடுத்துவரச் சொன்னார். அதைக் கம்பிவடத்தில் இறுக்கிப் பூட்டினார்கள். பழையபடி ஆள் இழுப்புதான், வேறு வழி இல்லை. பதினாலு ஆண்கள் பிடித்தார்கள். மேஸ்திரியும் முன்னால் நின்று "ஏலேலோ" போட்டார். வடம் விறைத்தது, அசையவில்லை. இரண்டாம் இழுப்பில் மேஸ்திரி வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார்.

நான் படையலுக்குப் பத்தடி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக அங்கேதான் நிற்கிறேன். என் கால் தானாக நடந்தது என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். யோசித்துத்தான் நடந்தேன். தலைத்துணியை அவிழ்த்து இரண்டு உள்ளங்கையிலும் சுற்றிக்கொண்டு கயிற்றின் வாலில் போய்ப் பிடித்தேன்.

"ஏய், பொம்பளை கை படக்கூடாது," என்று முன்னாலிருந்து எவனோ கத்தினான்.

அதற்குள் பொனிரா வந்துவிட்டாள். அவள் பின்னால் பீப்பாயடியிலிருந்த மற்ற ஒன்பது பேரும். எல்லாரும் முகமெல்லாம் கரி.

"பட்டா என்ன ஆகும்? தண்ணி ஆயிடுமா?" என்று பொனிரா கேட்டாள். "பத்து வாளிக்கு ஒன்பது வாளி தண்ணிதான் வருது. இத்தனை வருஷம் யாரு கை பட்டுச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மேஸ்திரி சேற்றைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

"பிடிங்க," என்றார்.

இழுத்தோம். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கயிறு முனகியது. மூன்றாவதில் அடியில் ஏதோ விட்டுக்கொடுத்து, இருபத்தைந்து பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழப் பார்த்தோம். மணல் விட்டுவிட்டது. பிறகு நடை. சரிவில் பலாமரம் வரைக்கும் அறுபது மீட்டர் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே நிற்கும்போது கிணற்றடியில் இருக்கிறவன் வடத்தைத் தேக்கு முளையில் மூன்று சுற்றுச் சுற்றி ஆப்பு அடித்து நிறுத்துவான். நாங்கள் திரும்ப மேலே வந்து கயிற்றைப் புதிதாகப் பூட்டி மறுபடி நடக்க வேண்டும். இப்படி நாலு நடை, கொஞ்சம் மிச்சம்.

முதல் நடையிலேயே உள்ளங்கைத் துணி கிழிந்தது. இரண்டாவதில் தோல். என் முன்னால் இழுத்தவன் கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். ஜார்வோவும் இப்படித்தான் வேர்ப்பார். கோபத்தில் எனக்கு வலி தெரியவில்லை. இவ்வளவுதானா இது, இதற்கா என்னைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தீர்கள் என்றே மனசு கத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் நடை முடியும்போது குமாஸ்தா வந்து சேர்ந்தார். ஹெந்த்ரா என்று பெயர், முழங்கால்வரை சேறு. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பெண்கள் கிணறு இழுப்பதைப் போனில் படம் பிடித்தார். பிறகு ஒரு பீப்பாயைக் கவிழ்த்து உட்கார்ந்து தாளை விரித்து வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் முளையடியில் நின்றவனுக்குக் கட்டைவிரல் நசுங்கியது. மேஸ்திரி சுற்றிப் பார்த்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"வார்சித்தி, முளைக்கு நீ போ."

மூன்றாம் நடையை மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் பலாமரத்தடியில் நின்றதும் நான் வடத்தை முளையில் மூன்று சுற்றுச் சுற்றினேன். ஆப்பு வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். ஒவ்வொரு அடியும் யாருக்கு என்று எனக்குத் தெரியும். வாளி பாதிக்கு மேல் வந்து கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்கள். நான் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு ஆப்பின் மேல் உட்கார்ந்தேன்.

"எழுந்திரும்மா, கயிறு பூட்டணும்," என்றார் மேஸ்திரி.

"பேரைக் கூப்பிடுங்க."

"முதல்ல வாளி மேல வரட்டும்."

"வாளி மேல வந்த பிறகு உங்களுக்கு என் பேரு ஞாபகம் இருக்காது மேஸ்திரி. இப்பக் கூப்பிடுங்க. இன்னிக்குப் பேரு கூப்பிடவே இல்ல. எஞ்சினைப் போடறதுக்கு முன்னால கூப்பிடணும், நீங்க கூப்பிடலை. நான் தப்பாச் சொல்றேனா?"

ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன், "மிரட்டறியா?" என்றான்.

"ஆமா," என்றேன். "மூணு வருஷமா கெஞ்சிப் பார்த்தேன். கெஞ்சினா தண்ணி கேன்தான் வருது."

குமாஸ்தா பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். "இங்க வழக்கம் என்ன மேஸ்திரி? எனக்கு அதுதான் வேணும். யாருக்கு இடம்?"

மேஸ்திரியிடம் பதில் ஒன்றுதான் இருந்தது. இருபது வருடமாக அவர் எல்லாருக்கும் சொன்ன பதில்தான் அது, என்னிடம் இரண்டு நாளுக்கு முன்னால் சொன்னதும் அதுவேதான். மாற்றிச் சொல்ல வழியில்லை.

"கயிறுல யாரு கை இருக்கோ, அவங்களுக்கு."

"அப்போ கூப்பிடுங்க, எழுதிக்கறேன்."

எல்லாரும் வந்து வடத்தில் கை வைத்தார்கள், ஆணும் பெண்ணும். கையெல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்தது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆண்கள் பதினாலும் முடிந்தது.

"ஜார்வோ பொண்டாட்டி."

நான் வாயைத் திறக்கவில்லை. வடத்தில் என் கை இருந்தது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எனக்குப் பேரு இருக்கு மேஸ்திரி. என் கல்யாணத்துக்கு நீங்க சாப்பிட்டிருக்கீங்க."

"வார்சித்தி."

"இருக்கேன்."

ஒரு சொல். இதை வாங்க மூன்று வருடம்.

பொனிரா "இருக்கேன்" என்று கத்தியது பக்கத்து மேட்டுக்குக் கேட்டிருக்கும். மற்ற ஒன்பது பேரையும் கூப்பிட்டார். குமாஸ்தாவின் தாளில் இருபது கோடுதான் இருந்தது. பின்பக்கம் திருப்பி எழுதினார். அவர் தாளைத் திருப்பும்போதுதான் சுரோத்தோ மேட்டிலிருந்து ஓடிவந்தான். கிரேன்காரன் போனை எடுக்கவில்லையாம்.

"என்ன நடக்குது இங்க? சுரோத்தோ. சுரோத்தோ ஜயாவை எழுதுங்க சார். ரெண்டு இடம். இருக்கேன், இருக்கேன்," என்றான்.

குமாஸ்தா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சுரோத்தோவைப் பார்த்தார்.

பொனிரா கேட்டாள், "கையைக் காட்டு."

அவன் ஏனென்று தெரியாமல் கையைக் காட்டினான். சோப்பு போட்டுக் கழுவின கை. ஒரு கறை இல்லை. சட்டையிலும் இல்லை. இருபத்தைந்து பேர் அந்தக் கையைப் பார்த்தார்கள். எஞ்சின் எண்ணெய்க்குப் பணம் கொடுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார்கள்.

"இதோ தொடறேன். இப்பத் தொட்டா ஆச்சில்ல?" என்று வடத்தைப் பிடிக்க வந்தான். அப்போதுதான் என் கையைப் பார்த்தான். "அண்ணி, நீங்க கயிறைத் தொட்டீங்களா? மேஸ்திரி, இது அடுக்குமா? மறுபடி கூப்பிடுங்க."

நான் பேச வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரியே சொன்னார். இந்த ஒரு தடவை அவர் கனமான பக்கம் எது என்று எடை போட்டுவிட்டாரோ, இல்லை சேற்றில் விழுந்த இடம் வலித்ததோ, எனக்குத் தெரியாது.

"ஒரு தடவைதான் கூப்பிடுவாங்க சுரோத்தோ. திரும்பத் திரும்பக் கூப்பிட இது கல்யாண விருந்து இல்லன்னு நீதானேப்பா சொன்ன."

குமாஸ்தா கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போட்டு, தேதி எழுதினார்.

நான் ஆப்பிலிருந்து எழுந்தேன். மீதி நடையும் நடந்தோம். சுரோத்தோ பத்தடி தள்ளி, காலையில் நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தான். வாளி வெளியே வந்தது. தொட்டிக்குமேல் கொண்டுபோய் வால்வைத் திறந்தார்கள். தண்ணீர். சேறு. அதன்மேல் மெல்லிசாகக் கொஞ்சம் எண்ணெய்.

"பார்த்தீங்களா, பொம்பளை கை," என்று ஒருவன் ஆரம்பித்தான். பொனிரா அவனைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று மகள் போனில் கேட்டாள். இல்லை. என்னுடையதையே என்னிடம் கொடுத்ததற்கு எதற்குச் சந்தோஷப்பட வேண்டும்? கை ஆற எட்டு நாள் ஆயிற்று. ஜார்வோ திரும்ப வரவில்லை. பீப்பாய் அடுப்பில் இப்போதும் நாங்கள்தான் காய்ச்சுகிறோம், புகை அதே புகைதான். ஆண்களில் ஒருவனும் இன்னும் அங்கே வந்து உட்காரவில்லை. அது அடுத்த சண்டை.

அட்டை வந்தது. வார்சித்தி என்று சரியாகவே அடித்திருந்தார்கள். அதற்கு அடுத்த பாகிங் சாயங்காலம் சுரோத்தோ என் பின்வாசலில் வந்து நின்றான். பழைய சட்டை. கையில் அந்த நீலக் கேன்.

"அண்ணி, குடும்பத்துக்குள்ள எதுக்கு மனஸ்தாபம். உங்க பங்குல கொஞ்சம் விட்டுக்கொடுத்தா..."

நான் கேனை வாங்கிக்கொண்டு கிணற்றடித் தொட்டிக்குப் போனேன். எண்ணெய்க்கு அடியில் தங்கும் தண்ணீரை வெளியேற்றுகிற கீழ்க்குழாயைத் திறந்து முக்கால் கேன் தண்ணீர் பிடித்தேன். மேலே எண்ணெய் ஊற்றினேன், அவன் எனக்கு ஊற்றிய அளவுதான், ஒரு சொட்டுக் கூடவோ குறையவோ இல்லை. கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தேன். அவன் குனிந்து கேனைக் குலுக்கினான். உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"கிணறு அப்படித்தான் தம்பி வருது," என்றேன். "எடுத்துட்டுப் போ. உனக்காகத்தானே நான் கயிறு பிடிக்கிறேன்."